தரவுத்தள சர்வர்களின் வன்தட்டுப் பராமரிப்பும் கோப்புச் சிதறல் தடுப்பும்: வடசென்னைச் சூழல்

தரவுத்தள சர்வர் என்பது ஒரு நிறுவனத்தின் பதிவுகளை ஒழுங்காகச் சேமித்து, பலர் ஒரே நேரத்தில் கேட்கும்போது உடனுக்குடன் எடுத்துத் தரும் கணினி ஆகும். அப்பதிவுகள் இறுதியில் தங்குமிடம் ஹார்டு டிஸ்க் எனப்படும் வன்தட்டு, அல்லது எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலை வட்டு. வட்டில் கோப்புகள் துண்டு துண்டாகப் பிரிந்து கிடப்பது சிதறல் எனப்படும். சிதறல் சர்வரின் வேகத்தைக் குறைக்கும். வெப்பம், ஈரம், உப்புக்காற்று, கந்தக வாயு, மின்தடை ஆகியவை வட்டையே அழிக்கக்கூடியவை. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் வடசென்னைத் துறைமுக, தொழிற்சாலைப் பகுதியில் இவை அனைத்தும் ஒரே இடத்தில் சேர்ந்திருக்கின்றன. எனவே இங்கு வட்டுப் பராமரிப்பு என்பது வேகத்தைக் காப்பது, வட்டைக் காப்பது, தரவைக் காப்பது என மூன்று தனித்தனி வேலைகளாகும். ஒன்றைச் செய்தால் மற்றது தானாக நடந்துவிடாது.

வடசென்னையும் தரவுத்தளங்களும்

சென்னைத் துறைமுகத்தில் சரக்குப் பெட்டக முனையம் 1983இல் செயல்படத் தொடங்கியது. எண்ணூரில் அமைந்த துறைமுகம் 2001இல் திறக்கப்பட்டு, 2014இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் மாற்றப்பட்டது. எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் ராயல் என்ஃபீல்டு, எம்.ஆர்.எஃப்., மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம் என இப்பகுதியில் பெருந்தொழில்கள் பல உள்ளன. இவற்றைச் சுற்றி சரக்குப் பெட்டக நிலையங்கள், கிடங்குகள், சுங்க முகவர் அலுவலகங்கள், லாரி நிறுவனங்கள், உதிரிபாகப் பட்டறைகள் இயங்குகின்றன. பெரிய நிறுவனங்களுக்குத் தனித் தரவு மையங்கள் இருக்கும். சிறிய நிறுவனங்களிலோ ஓர் அறையின் மூலையில் குளிர்சாதனப் பெட்டிக்குக் கீழே நிற்கும் ஒற்றை சர்வரே எல்லாக் கணக்கையும் சுமக்கும். இக்கட்டுரை பெரிதும் அத்தகைய சர்வர்களைப் பற்றியது.

ஒரு சரக்குப் பெட்டகம் வாயிலுக்குள் நுழையும்போது அதன் எண், லாரி எண், முத்திரை எண், நேரம் ஆகியவை பதிவாகின்றன. பெட்டகம் இடம் மாறும்போதும் வெளியேறும்போதும் அந்தப் பதிவு திருத்தப்படுகிறது. ஒரு லாரிக்குச் சர்வர் 2 நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டால், வரிசையில் நிற்கும் 30ஆவது லாரி 1 மணி நேரம் தாமதமாகும். பதிவே அழிந்தால் எந்தப் பெட்டகம் எந்த அடுக்கில் இருக்கிறது என்பதை ஆட்களே நடந்து தேட வேண்டியிருக்கும்.

வன்தட்டு இயங்கும் விதம்

வன்தட்டுக்குள் காந்தப் பூச்சு கொண்ட தட்டுகள் சுழன்றுகொண்டிருக்கும். அவற்றின் மேல் சில நானோமீட்டர் இடைவெளியில் வாசிப்பு முனை மிதக்கும். மனித முடியின் தடிமன் பல பத்தாயிரம் நானோமீட்டர் என்பதை எண்ணினால் அந்த இடைவெளி எவ்வளவு குறுகியது என்பது விளங்கும்.

நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டு ஒரு சுற்றை முடிக்க 8.33 மில்லிவினாடி ஆகும். தேவையான இடம் முனைக்கு அடியில் வர சராசரியாக அரைச்சுற்று, அதாவது சுமார் 4.2 மில்லிவினாடி காத்திருக்க வேண்டும். முனை ஒரு தடத்திலிருந்து மற்றொரு தடத்துக்கு நகர ஏறக்குறைய 8 மில்லிவினாடி ஆகும். இரண்டும் சேர்ந்து ஒவ்வொரு தாவலுக்கும் சுமார் 12 மில்லிவினாடி. தரவு தொடர்ச்சியாக இருந்தால் இதே வட்டு வினாடிக்கு 200 மெகாபைட் அளவுக்குப் படித்துவிடும்.

ஒரு கணக்கு இதைத் தெளிவாக்கும். 8 ஜிகாபைட் அளவுள்ள அட்டவணை வட்டில் தொடர்ச்சியாக இருந்தால், அதை முழுவதும் படிக்க சுமார் 40 வினாடி போதும். அதுவே 64 கிலோபைட் துண்டுகளாக முற்றிலும் சிதறிக் கிடந்தால் சுமார் 1,31,000 துண்டுகள் ஆகும். ஒவ்வொன்றுக்கும் 12.5 மில்லிவினாடி என்றால் தாவலுக்கு மட்டும் ஏறத்தாழ 27 நிமிடம் செலவாகும். நடைமுறையில் எந்தக் கோப்பும் இவ்வளவு மோசமாகச் சிதறுவதில்லை. ஆயினும் சிதறல் ஏன் வேகத்தைக் கெடுக்கிறது என்பதை இந்த வேறுபாடு காட்டுகிறது.

இருவகைச் சிதறல்

தரவுத்தள சர்வரில் சிதறல் இரண்டு நிலைகளில் ஏற்படுகிறது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவதே பராமரிப்பில் அடிக்கடி நிகழும் தவறு.

முதலாவது கோப்பு நிலைச் சிதறல். இயங்குதளம் ஒரு கோப்புக்குத் தொடர்ச்சியான இடம் கிடைக்காதபோது கிடைத்த இடங்களில் பிரித்து வைக்கிறது. தரவுத்தளக் கோப்பு சிறிது சிறிதாக வளரும்போதும், அதே வட்டில் பேக்கப், படங்கள், தற்காலிகக் கோப்புகள் ஆகியவையும் எழுதப்படும்போதும் இது பெருகும்.

இரண்டாவது தரவுத்தளத்துக்கு உள்ளேயே ஏற்படும் சிதறல். தரவுத்தள மென்பொருள் தன் கோப்பைப் பக்கங்களாகப் பிரித்துக்கொள்கிறது. எஸ்க்யூஎல் சர்வர், போஸ்ட்கிரெஸ் ஆகியவற்றில் ஒரு பக்கம் 8 கிலோபைட். மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி அமைப்பில் 16 கிலோபைட். பதிவுகளை விரைவாகக் கண்டுபிடிக்க இன்டெக்ஸ் பயன்படுகிறது. இது புத்தகத்தின் கடைசியில் உள்ள சொல்லடைவைப் போன்றது. பதிவுகளை வரிசைப்படி வைத்திருக்கும். நிரம்பிய பக்கத்தின் நடுவில் புதிய பதிவு ஒன்று நுழைய வேண்டியிருந்தால், அப்பக்கம் இரண்டாகப் பிளந்து பாதிப் பதிவுகள் வேறோர் இடத்தில் உள்ள புதிய பக்கத்துக்குச் செல்லும். இதனால் வரிசையும் குலைகிறது, பக்கங்களும் பாதி காலியாகின்றன.

பெட்டக முனையத்தின் பதிவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சரக்குப் பெட்டக எண் என்பது 4 எழுத்து, 6 இலக்கம், 1 சரிபார்ப்பு இலக்கம் என 11 குறிகள் கொண்டது. பெட்டகங்கள் எண் வரிசைப்படி வாயிலுக்கு வருவதில்லை. எனவே பெட்டக எண்ணை முதன்மைச் சாவியாகக் கொண்ட இன்டெக்ஸில் ஒவ்வொரு புதிய பதிவும் ஏதோ ஓரிடத்தில் நுழைந்து பக்கங்களைப் பிளக்கும். அதற்குப் பதிலாக, வரவு வரிசை எண்ணை முதன்மைச் சாவியாக வைத்தால் புதிய பதிவுகள் எப்போதும் கடைசியில் சேரும். பெட்டக எண்ணுக்குத் தேடலுக்கான சிறிய துணை இன்டெக்ஸ் ஒன்று போதும். சிதறல் முழுவதும் நீங்காது. ஆனால் பெரிய அட்டவணையிலிருந்து சிறிய இன்டெக்ஸுக்கு அது ஒதுங்கிவிடும்.

சிதறலைத் தடுக்கும் முறைகள்

சிதறியதைப் பின்னர் ஒழுங்குபடுத்துவதைவிட முன்கூட்டியே தடுப்பது எளிது.

தரவுத்தளக் கோப்புக்குத் தொடக்கத்திலேயே ஓர் ஆண்டுக்கோ அதற்கு மேலோ போதுமான இடத்தை ஒதுக்கிவிட வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரின் பழைய பதிப்புகளில் தரவுக்கோப்பு தானாக வளரும் அளவு 1 மெகாபைட்டாக இருந்தது. அந்த அமைப்பில் 100 ஜிகாபைட் வளர கோப்பு ஒரு லட்சம் முறைக்கு மேல் நீள வேண்டும். 2016 பதிப்பில் அந்த அளவு 64 மெகாபைட்டாக உயர்த்தப்பட்டது. பழைய பதிப்பிலிருந்து மேம்படுத்திய சர்வர்களில் பழைய அமைப்பே தொடர வாய்ப்புண்டு என்பதால் அதைச் சரிபார்ப்பது நல்லது.

தரவுக்கோப்பும் டிரான்சாக்ஷன் லாக் எனப்படும் மாற்றப் பதிவுக் கோப்பும் தனித்தனி வட்டுகளில் இருக்க வேண்டும். மாற்றப் பதிவு தொடர்ச்சியாக எழுதப்படுவது. இரண்டும் ஒரே வன்தட்டில் இருந்தால் வாசிப்பு முனை இங்கும் அங்கும் ஓடிக்கொண்டே இருக்கும். பேக்கப் கோப்புகளுக்கு மூன்றாவது இடம் வேண்டும். வட்டில் 15 முதல் 20 விழுக்காடு இடம் எப்போதும் காலியாக இருப்பது நல்லது.

தரவுத்தளக் கோப்பைத் தானாகச் சுருக்கும் வசதியை நிறுத்தி வைக்க வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரில் சுருக்கும்போது கோப்பின் கடைசியில் உள்ள பக்கங்கள் முன்னால் உள்ள காலி இடங்களுக்கு நகர்த்தப்படுவதால் இன்டெக்ஸ் வரிசை வெகுவாகக் குலையும். அடுத்த வாரம் கோப்பு மறுபடியும் வளரும், சிதறல் இரட்டிப்பாகும்.

நடுவில் பதிவுகள் நுழையும் இன்டெக்ஸ்களில் பக்கங்களை முழுவதும் நிரப்பாமல் 80 முதல் 90 விழுக்காடு வரை மட்டும் நிரப்பி வைத்தால் பிளவுகள் குறையும். அளவுக்கு மீறிக் காலி விட்டால் நினைவகம் வீணாகும்.

ஏற்பட்ட சிதறலைச் சரிசெய்தல்

எஸ்க்யூஎல் சர்வரில் நீண்ட காலம் பின்பற்றப்பட்ட அளவுகோல் இது: இன்டெக்ஸ் சிதறல் 5 முதல் 30 விழுக்காடு என்றால் ஒழுங்குபடுத்துதல், 30 விழுக்காட்டைத் தாண்டினால் புதிதாகக் கட்டுதல். 1,000 பக்கங்களுக்குக் குறைவான சிறிய இன்டெக்ஸ்களைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. இவ்வெண்கள் தோராயமானவை. சிதறல் விழுக்காட்டைவிட, பயனர்களின் கேள்விகளுக்கு விடை வரும் நேரமே சரியான அளவுகோல்.

போஸ்ட்கிரெஸில் ஒரு பதிவைத் திருத்தும்போது புதிய படி எழுதப்பட்டு, பழைய படி அங்கேயே தங்கிவிடும். இந்த இறந்த பதிவுகளின் இடத்தை மீண்டும் பயன்படுத்த வழிசெய்வது வேக்யூம் என்னும் வேலை. தானியங்கி வேக்யூமை நிறுத்தி வைப்பது தவறு. முழு வேக்யூம் அட்டவணையை முற்றிலும் புதிதாக எழுதும். அது முடியும்வரை யாரும் அந்த அட்டவணையைப் பயன்படுத்த முடியாது. லாரிகள் நுழையும் நேரத்தில் அதை இயக்கினால் வாயில் நின்றுவிடும். மைஎஸ்க்யூஎல்லில் ஆப்டிமைஸ் கட்டளை அட்டவணையைப் புதிதாகக் கட்டுகிறது. அதற்கு அட்டவணையின் அளவுக்கு நிகரான காலி இடம் தேவைப்படும்.

கோப்பு நிலைச் சிதறலை நீக்க இயங்குதளத்தின் டிஃப்ராக் கருவி பயன்படும். தரவுத்தள சேவையை நிறுத்தி, பேக்கப் எடுத்து, வட்டு நலமாக உள்ளதைச் சரிபார்த்த பிறகே அதை இயக்க வேண்டும். பழுதடையத் தொடங்கிய வட்டில் டிஃப்ராக் இயக்குவது ஆபத்தானது. மணிக்கணக்கில் முழு வட்டையும் படித்து எழுதும் அந்தச் சுமையை அது தாங்காமல் போகலாம். கோப்பு ஒழுங்கான பின்பு இன்டெக்ஸ் வேலையைச் செய்ய வேண்டும். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது.

எஸ்.எஸ்.டி. வட்டுகளில் வேறுபாடு

எஸ்.எஸ்.டி.யில் சுழலும் தட்டோ நகரும் முனையோ கிடையாது. ஒரு துண்டைப் படிக்க ஏறக்குறைய 0.1 மில்லிவினாடி போதும். மேலே சொன்ன 1,31,000 துண்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாக 13 வினாடி அளவில் அது படித்துவிடும். எனவே கோப்புச் சிதறல் இங்கு பெரிய சிக்கல் அல்ல. ஒவ்வொரு செல்லிலும் எழுதக்கூடிய முறைகளுக்கு வரம்பு இருப்பதால் டிஃப்ராக் செய்வது வட்டின் ஆயுளைத்தான் குறைக்கும். எஸ்.எஸ்.டி.க்குத் தேவையானது, அழிக்கப்பட்ட இடங்களை வட்டுக்குத் தெரிவிக்கும் டிரிம் வசதி. ஆயினும் பக்கங்கள் பாதி காலியாக இருப்பது நினைவகத்தையும் இடத்தையும் வீணாக்கும் என்பதால் இன்டெக்ஸ் பராமரிப்பு முற்றிலும் தேவையற்றதாகிவிடவில்லை.

எஸ்.எஸ்.டி.யைப் பேக்கப் எடுத்து அலமாரியில் பூட்டிவைக்கும் பொருளாகப் பயன்படுத்தக் கூடாது. நிறுவனப் பயன்பாட்டுக்கான எஸ்.எஸ்.டி.களுக்கு ஜெடெக் தர அளவு கேட்பது, எழுதும் ஆயுள் தீர்ந்த நிலையில் மின்சாரமின்றி 40 டிகிரி செல்சியஸில் 3 மாதம் தரவைக் காப்பதையே. சென்னையின் வெயில் காலத்தில் மூடிய அலமாரிக்குள் 40 டிகிரி என்பது அரிதல்ல. நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31இல் 45 டிகிரி பதிவாகியுள்ளது.

உப்புக்காற்று, ஈரம், கந்தகம்

கூகுள் நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட ஆய்வு, வெப்பநிலைக்கும் வட்டுப் பழுதுக்கும் உள்ள தொடர்பு பொதுவாக எண்ணப்பட்ட அளவுக்கு வலுவானதல்ல எனக் கண்டது. 2016இல் ஃபாஸ்ட் மாநாட்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, மைக்ரோசாஃப்டின் 9 தரவு மையங்களை ஆராய்ந்து, காற்றின் ஈரப்பதமே வட்டுப் பழுதில் பெரும்பங்கு வகிக்கிறது என்றது. குறிப்பாக வட்டின் கட்டுப்பாட்டுப் பலகையும் இணைப்புகளும் ஈரத்தால் கெடுகின்றன. கடலை ஒட்டிய வடசென்னைக்கு இது முக்கியமான செய்தி. ஈரத்துடன் உப்புத் துகள்களும் சேர்ந்தால் உலோகம் விரைவில் அரிக்கும்.

நிலக்கரி எரிப்பு, எண்ணெய்ச் சுத்திகரிப்பு, கழிவுநீர் ஆகியவற்றிலிருந்து கந்தகம் கலந்த வாயுக்கள் வெளிவருகின்றன. மின்னணுப் பலகைகளில் உள்ள வெள்ளியும் செம்பும் இவற்றால் கருத்து அரிக்கும். 2006 முதல் ஐரோப்பிய விதிகளின்படி ஈயம் தவிர்க்கப்பட்டபோது, பல பலகைகளில் வெள்ளிப் பூச்சு இடம்பெற்றது. அதன்பின் இச்சிக்கல் உலகெங்கும் கூடுதலாகக் கவனிக்கப்பட்டது. சர்வர் அறையின் காற்றைச் சோதிக்க எளிய முறை ஒன்று உண்டு. செம்பு, வெள்ளித் தகடுகளை ஒரு மாதம் தொங்கவிட்டு, பின்னர் ஆய்வகத்தில் அரிப்பின் தடிமனை அளப்பார்கள். மாதத்துக்குச் செம்பில் 30 நானோமீட்டருக்கும் வெள்ளியில் 20 நானோமீட்டருக்கும் குறைவாக இருந்தால் காற்று பாதுகாப்பானது எனக் கொள்ளப்படுகிறது.

சர்வர் அறையை 18 முதல் 27 டிகிரிக்குள்ளும் ஈரப்பதத்தை 60 விழுக்காட்டுக்குக் கீழும் வைத்திருப்பது பொதுவான பரிந்துரை. இரவில் குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைப்பது மின்கட்டணத்தைக் குறைக்கும். ஆனால் கடற்காற்றும் தூசியும் புகையும் நேரே உள்ளே வரும். கதவு, ஜன்னல் இடுக்குகளை அடைத்து, வடிகட்டிகளை மாதந்தோறும் பார்க்க வேண்டும். குளிர்ந்த அறையிலிருந்து எடுத்த வட்டு வெளிக்காற்றில், குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த பாட்டிலைப் போல வியர்க்கும். அதை உறைக்குள் மூடியே வைத்து, வெளிவெப்பத்துக்கு வந்த பின்பே மின்சாரம் தர வேண்டும்.

அதிர்வும் வன்தட்டுக்குப் பகை. 2008இன் கடைசி நாளில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர் பிரெண்டன் கிரெக் வெளியிட்ட காணொளியில், வட்டுகளை நோக்கி உரக்கக் கத்தியதாலேயே அவற்றின் விடை நேரம் கூடியது. அழுத்தும் எந்திரம், கம்ப்ரசர், கனரக லாரிகள் செல்லும் சாலை ஆகியவற்றை ஒட்டிய சுவரில் சர்வரைச் சாய்த்து வைப்பதைத் தவிர்க்க வேண்டும்.

மின்தடையும் எழுதும் தரவும்

ஒரு பக்கம் பாதி எழுதப்பட்ட நிலையில் மின்சாரம் நின்றால் அப்பக்கம் கிழிந்த பக்கமாகிவிடும். தரவுத்தள மென்பொருள்கள் மாற்றப் பதிவைக் கொண்டு இதைச் சரிசெய்யும். ஆனால் "எழுதிவிட்டேன்" என்று வட்டு சொன்னது உண்மையாக இருந்தால்தான் அது இயலும். வட்டின் இடைநினைவகத்தில் மட்டும் இருந்த தரவு மின்தடையில் மறைந்துவிடும். எனவே மின்தேக்கிப் பாதுகாப்புள்ள எஸ்.எஸ்.டி., பேட்டரியுள்ள ரெய்டு அட்டை, தானாகச் சர்வரை முறைப்படி நிறுத்தும் யு.பி.எஸ். ஆகியவை தேவை. யு.பி.எஸ். பேட்டரி 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய பாதி ஆயுளை இழக்கும். படிக்கட்டின் அடியில் காற்றோட்டமின்றி வைத்த பேட்டரி, தேவைப்படும் நாளில் உதவாது.

வட்டு நலக் கண்காணிப்பு

வட்டுகள் தம் நிலையை ஸ்மார்ட் என்னும் அமைப்பின் மூலம் தெரிவிக்கின்றன. மாற்றி ஒதுக்கிய செக்டார்கள், மாற்றத்துக்குக் காத்திருக்கும் செக்டார்கள், திருத்த முடியாத பிழைகள் ஆகிய மூன்று எண்களையும் முதலில் பார்க்க வேண்டும். மேற்சொன்ன கூகுள் ஆய்வின்படி, முதல் ஸ்கேன் பிழை தோன்றிய வட்டு அடுத்த 60 நாளில் பழுதாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு. எனவே முதல் எச்சரிக்கையிலேயே வட்டை மாற்றுவது சிக்கனமே. அதே ஆய்வில், பழுதான வட்டுகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கிய ஸ்மார்ட் எச்சரிக்கை எதையும் காட்டவில்லை. எச்சரிக்கை இல்லை என்பதால் வட்டு நலம் என்று முடிவு செய்ய இயலாது.

ரெய்டு, பேக்கப், வெள்ளம்

ரெய்டு என்பது பல வட்டுகளை இணைத்து, ஒன்று பழுதானாலும் சர்வர் தொடர்ந்து இயங்கச் செய்யும் முறை. அது பேக்கப் ஆகாது. தவறான கட்டளையால் அழிந்த பதிவு எல்லா வட்டுகளிலும் ஒருசேர அழியும். 10 டெராபைட் வட்டை வினாடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் மீண்டும் கட்ட சுமார் 14 மணி நேரம் ஆகும். அதற்குள் இரண்டாவது வட்டும் பழுதானால் ரெய்டு 5 கைவிடும். ரெய்டு 6 தாங்கும்.

பேக்கப்புக்கு 3-2-1 என்னும் விதி பரவலாக உள்ளது: தரவுக்கு 3 படிகள், 2 வகைச் சாதனங்களில், அவற்றில் 1 வேறிடத்தில். வடசென்னையில் மூன்றாவது எண்ணே முதன்மையானது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையின் பல பகுதிகள் மூழ்கின. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் கரையைக் கடந்தபின் சில இடங்களில் பல நாள் மின்சாரம் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணூர்ப் பகுதியில் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வீடுகளுக்குள் புகுந்தது. தரைத்தளத்தில் சர்வரும், அதே அறையின் கீழ்த்தட்டில் பேக்கப் வட்டும் இருந்தால் இரண்டும் ஒரே நீரில் போகும். சர்வர் முதல் தளத்தில் இருப்பதும், ஒரு படி நகரத்துக்கு வெளியே இருப்பதும் நல்லது. மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில் வெள்ளப் பயம் இல்லை, வெப்பம் அதிகம்.

பராமரிப்பு ஒழுங்கு

நாள்தோறும்: பேக்கப் முடிந்ததா, வட்டில் காலி இடம் எவ்வளவு, அறையின் வெப்பமும் ஈரப்பதமும் எவ்வளவு எனப் பார்த்துக் குறித்தல்.

வாரந்தோறும்: ஸ்மார்ட் எண்களை முந்தைய வாரத்தோடு ஒப்பிடுதல், இன்டெக்ஸ் சிதறலை அளந்து தேவையானவற்றை மட்டும் சரிசெய்தல், தரவுத்தளப் பக்கங்களில் பிழை உள்ளதா எனச் சோதித்தல்.

மாதந்தோறும்: வடிகட்டி, யு.பி.எஸ். சோதனை, கோப்பு வளர்ச்சியைப் பார்த்து முன்கூட்டியே இடம் ஒதுக்குதல், பேக்கப்பை வேறொரு கணினியில் மீட்டுப் பார்த்தல்.

செப்டம்பர் இறுதிக்குள், வடகிழக்குப் பருவமழைக்கு முன்: வெளியூர்ப் படி புதுப்பிக்கப்பட்டுள்ளதா, சர்வரின் உயரம் போதுமா, மின்சாரம் நின்றால் யார் என்ன செய்ய வேண்டும் என்பவற்றை உறுதிசெய்தல்.

இவற்றுள் பெரும்பாலும் விட்டுப்போவது மீட்டுப் பார்க்கும் வேலை. பேக்கப் எடுக்கப்பட்டதாகத் திரையில் தோன்றும் செய்தி, அதிலிருந்து தரவைத் திரும்பப் பெற முடியும் என்பதற்கு உறுதி அல்ல. ஒரு மாதத்துப் பதிவுகளை வேறு கணினியில் திறந்து, நேற்றைய கடைசிப் பெட்டகத்தின் எண் அதில் இருக்கிறதா என்று பார்க்க அரை நாள் ஆகலாம். அந்தச் சோதனை முடிந்த பிறகே பேக்கப் சரியாக இருப்பதாகக் கொள்ள முடியும்.